அப்பா பேரில் லைசன்ஸ், கையில் 20 லட்ச ரூபாய் கிடங்கு வேலை: எடுக்கலாமா?

கேள்வி: அப்பா பெரம்பூர் மில் ஒன்றின் எலக்ட்ரிக்கல் பிரிவில் ஹெல்ப்பராக இருந்தவர். 1988-ல் வெளியே வந்து தண்டையார்பேட்டையில் வயரிங் கான்ட்ராக்ட் தொடங்கினார். தாழ்வழுத்த மின்வேலைக்கான ஈபி தர லைசன்ஸ் அவர் பேரில்தான் இருக்கிறது. இப்போது அவருக்கு வயது 67. அண்ணன் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, நான் பி.காம்., தங்கை வீட்டுக்காரர் வயர்மேன். ஆட்கள் எட்டு பேர். வீட்டு வயரிங்கும் லேத் பட்டறை வேலையும்தான் அதிகம். மணலி புதுநகர் அருகே கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிடங்கின் உள்வேலை 20 லட்சத்துக்கு வந்திருக்கிறது, ஜிஎஸ்டி தனி. 10% முன்பணம், மாதாமாதம் பில், பில் பாஸான 30 நாளில் பணம், 5% ஒரு வருஷம் பிடித்தம், நாலு மாதத்தில் முடிக்க வேண்டும். "வேண்டாம்பா, இருக்கிற பேரும் போயிடும்" என்கிறார் அப்பா. இதை விட்டால் நாம் வளரவே முடியாது என்கிறான் அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்: பேர் போகாது, கைக்காசு போகும். அதனால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

இப்படிப்பட்ட வேலையில் பொருளுக்கே 13 லட்சம் போகும். கூலி 4 லட்சம். வண்டி, சாரம், சாப்பாடு, கடைச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வையுங்கள். மிச்சம் 2 லட்சம், அதாவது 10 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 5 சதவீதப் பிடித்தம் ஒரு லட்சம், அடுத்த வருஷம்தான் வரும். டிடிஎஸ், அதாவது பணம் தருகிறவர் பிடித்துக் கட்டும் வருமான வரி, தனி உரிமையாளருக்கு 1 சதவீதம், பங்குதாரர் நிறுவனமானால் 2 சதவீதம். உங்களுடையது அப்பாவின் தனி நிறுவனம் என்பதால் 20,000 ரூபாய், அது வருமான வரிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக வேலையை முடித்து சாவியைக் கொடுக்கிற அன்று உங்கள் கையில் இருக்கும் லாபம் 80,000. நாலு மாதம், நாலு குடும்பம். அந்த 80,000-ஐ முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குகிறவர் வேறு, 2 லட்சம் என்று நினைத்து இறங்குகிறவர் வேறு.

அந்த நாளுக்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. கேபிள், கேபிள் ட்ரே, பேனல் மூன்றும் ஆரம்பத்திலேயே வாங்க வேண்டியவை. முதல் இரண்டு மாதத்தில் 9 லட்சத்துக்குப் பொருள் எடுத்தால் அதன் மேல் 18 சதவீத வரி 1.62 லட்சம். கூலி 2 லட்சம். வெளியே போனது 12.6 லட்சம், உள்ளே வந்தது முன்பணம் 2 லட்சம் மட்டும். முதல் மாதக் கடைசியில் பில் போட்டு, அது பாஸாகப் பத்து நாள், பணம் வர முப்பது நாள் என்றால் 70-வது நாள்தான் முதல் காசு. அதுவரை சுமார் 10 லட்சம் உங்கள் சொந்தப் பணமாகவோ கடைக்காரரின் கடனாகவோ நிற்க வேண்டும். சைட் இன்ஜினியர் ஊருக்குப் போனால் அந்தப் பத்து நாள் இருபது நாளாகும்.

இதற்கு அம்மா நகையை அடகு வைக்க வேண்டாம். எந்தத் தேதியில் திரும்பும் என்பது உங்கள் கையில் இல்லாத பணத்துக்கு, தேதி தப்பினால் ஏலம் போகிற பொருளை ஈடாக வைப்பது சரிப்படாது. ஜிஎஸ்டி ரிட்டர்னும் இரண்டு வருஷ வருமான வரிக் கணக்கும் இருந்தால் வங்கியில் ஓவர்டிராஃப்ட் (ஓடி) கேளுங்கள். முத்ரா கடன் வரம்பு 20 லட்சம் வரை வந்திருக்கிறது, ஆனால் அந்த மேல் வரம்பு முன்னால் முத்ராவின் தருண் பிரிவில் கடன் வாங்கிச் சரியாகக் கட்டியவர்களுக்குத்தான். முதல் தடவை கேட்கிறவருக்கு 10 லட்சம் வரை.

நீங்கள் பி.காம். என்பதால் இன்னொன்று. பாரிமுனைக் கடைகளில் "பில் இல்லாமல் எடுத்தால் ரேட் குறைச்சல்" என்பார்கள். வீட்டு வேலையில் அப்பா அப்படி எடுத்திருக்கலாம். இங்கே நீங்கள் கட்ட வேண்டிய மொத்த வரி 20 லட்சத்துக்கு 3.6 லட்சம். 13 லட்சப் பொருளை முறையான பில்லோடு வாங்கினால் அதில் கட்டிய 2.34 லட்சத்தைக் கழித்துக்கொண்டு 1.26 லட்சம் கட்டினால் போதும். பில் இல்லாவிட்டால் அந்த 2.34 லட்சமும் உங்கள் தலையில். முழு லாபத்தைவிட அதிகம். பில் இருந்தும், கடைக்காரர் தன் ரிட்டர்னைப் போடாவிட்டால் அந்தத் தொகை உங்கள் 2பி-யில் (கடைக்காரர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் தொகுத்துத் தரும் பட்டியல்) வராது, கழிக்க முடியாது. அதனால் மாதம் 14-ம் தேதி வாக்கில் 2பி வந்ததும் உட்கார்ந்து பில் பில்லாகச் சரிபாருங்கள். வராத கடைக்குப் போன் போடுங்கள். வரி அடுத்த மாதம் 20-க்குள் கட்ட வேண்டும். உங்களுக்குப் பணம் வந்ததா என்று துறை கேட்காது.

சரி, கணக்கு போதும். சைட்டுக்கு வருவோம். வீட்டு வயரிங் கை நன்றாகப் பழகியவர்கள் கிடங்கில் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

முதலில் தூரம். வீட்டில் டிபி-யிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கடைசி பாயின்ட் 15 மீட்டர் தாண்டாது, வோல்டேஜ் டிராப், அதாவது ஒயரிலேயே வோல்டேஜ் குறைவது, என்ற நினைப்பே வராது. கிடங்கில் டிபி ஒரு மூலையில், கடைசி விளக்கு 100 மீட்டர் தள்ளி. உயரக் கூரையில் மாட்டும் 150 வாட் ஹை-பே விளக்கு 14 ஒரு சர்க்யூட்டில் போட்டால் ஏறக்குறைய 10 ஆம்பியர். 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர் ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக 100, வர 100, மொத்தம் 200 மீட்டருக்கு 1.48 ஓம், பத்து ஆம்பியரில் 14.8 வோல்ட் காணாமல் போகும், 6.4 சதவீதம். விளக்குக்கு வயரிங்குக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 732 அனுமதிப்பது 3 சதவீதம். 4 சதுர மி.மீ. போட்டாலும் 4 சதவீதம். விளக்குகள் வழிநெடுகப் பரவியிருப்பதால் உண்மையான டிராப் இதைவிடக் குறையும்தான், ஆனால் லோடு கடைக்கோடியில் குவிந்திருந்தால் குறையாது. கிடங்கின் நடுவில் ஒரு சப்-டிபி வைத்துவிட்டால் தூரம் பாதியாகிவிடும். ரேட் கொடுத்த பிறகு இது தெரிந்தால் ஒயர் வித்தியாசம் முழுக்க உங்கள் செலவு. கொட்டேஷன் போடும்போதே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் இதைப் போட்டுப் பார்க்க அண்ணனிடம் சொல்லுங்கள்.

அடுத்தது உயரம். ஏணியில் முடிந்த வேலை இது இல்லை. 10, 12 மீட்டர் கூரைக்கு சாரம் அல்லது சிசர் லிஃப்ட் வேண்டும், அதன் நாள் வாடகை யார் தலையில் என்று ஒர்க் ஆர்டரில் இருக்க வேண்டும். தரை கான்கிரீட் இன்னும் போடவில்லை என்றால் லிஃப்ட் உருளாது. தரை முடிகிறவரை ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும், கூலி ஓடும். முழு உடல் ஹார்னஸ் இல்லாமல் ஒருவரையும் மேலே ஏற்றாதீர்கள். எட்டு பேர் பத்தானதும் இஎஸ்ஐ கட்டாயம், இருபதானால் பிஎஃப். கிடங்கு வேலைக்குக் குறைந்தது நாலு பேர் கூடுதலாக வேண்டியிருக்கும் என்பதால் இஎஸ்ஐ இப்போதே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. கூலிக் கணக்கில் இதைச் சேர்த்தீர்களா?

மூன்றாவது அலுமினியம். வீட்டில் எல்லாம் காப்பர். கிடங்கின் மெயினுக்கு 3.5 கோர் அலுமினியம் ஆர்மர்டு கேபிள் வரும். கேபிள் முனையில் மாட்டும் லக்குக்குள் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிட்டு நுழைக்கிற பழக்கம் நிறைய ஆட்களிடம் இருக்கிறது. அந்த இடம்தான் ஆறு மாதத்தில் கருகும். கேபிள் சைஸுக்கு ஏற்ற லக், அந்த லக்குக்கு ஏற்ற டையோடு ஹைட்ராலிக் கிரிம்பர், இழையைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு ஜாயின்ட் காம்பவுண்ட், பேனலுக்குள் இருக்கும் காப்பர் பட்டையில் (பஸ்பார்) மாட்டுவதானால் அலுமினியமும் காப்பரும் சேர்ந்த பைமெட்டல் லக். போல்ட்டை டார்க் ரென்ச்சால் முறுக்கி, முறுக்கிய போல்ட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். பின்னால் தளர்ந்தால் கோடு விலகியிருப்பது கண்ணுக்குத் தெரியும். லோடு ஏறிய ஒரு மாதத்தில் வந்து ஒருமுறை இறுக்கிவிட்டுப் போவதையும் ரேட்டில் சேர்த்துவிடுங்கள்.

உப்புக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஜன்னல் கம்பி படும் பாடு தெரியும். கேபிள் ட்ரேயை ஹாட்-டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) என்று எழுதியே வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் ப்ரீ-கால்வனைஸ் ட்ரேயில் அறுத்த ஓரமெல்லாம் அடுத்த மழைக்குள் பழுப்பாகிவிடும். ஹாட்-டிப்பிலும் சைட்டில் அறுத்த இடத்துக்கு ஜிங்க் பெயின்ட் அடிக்க வேண்டும். எர்த் பிட்டில் 40 மி.மீ. ஜிஐ பைப், இரண்டரை மீட்டர், சுற்றிலும் உப்பும் கரியும் என்பது பழைய முறை. உங்கள் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. எர்த் ரீடிங் தானாகவே நன்றாக வரும், பைப் சீக்கிரம் தின்று போகும். மேலும் உப்பைக் கொட்டுவது பைப்புக்கு நாம் வைக்கும் வேட்டு. உப்புக்குப் பதில் பென்டோனைட் களிமண் மாதிரி பேக்ஃபில்லும் காப்பர் பூசிய ராடும் போடுங்கள். ரீடிங்கை மழைக்காலத்தில் எடுத்துவிட்டுத் திருப்திப்படாமல் மே மாதத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

முடிக்கும்போது டெஸ்ட் ரிப்போர்ட் கேட்பார்கள். அப்பா காலத்தில் பல்பு எரிந்தால் வேலை முடிந்தது. இங்கே ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 500 வோல்ட் மெக்கர் (ஒயர் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) ரீடிங் எழுதித் தர வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் எங்கோ ஈரமோ ஒயர் தோல் உரிந்ததோ இருக்கிறது. மெக்கர் போடுவதற்கு முன் எல்இடி டிரைவர், சர்ஜ் அரெஸ்டர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மறந்துவிட்டு அடித்தால் ஒரே நாளில் இருபது டிரைவர் போகும், அதுவும் உங்கள் செலவு. அதன் பிறகு, மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒவ்வொன்றையும் டெஸ்டரால் தட்டிப் பாருங்கள். அதன் மேலேயே இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது எர்த் சரியாக இருக்கிறதா என்று காட்டாது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி, உண்மையில் பெரிய கேள்வி. லைசன்ஸ் அப்பா பேரில், ஜிஎஸ்டி அப்பா பேரில், அனுபவச் சான்றிதழ் எல்லாம் அப்பா பேரில். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்தது முழுக்க ஒரே மனிதர் மேல் நிற்கிறது. அவருக்கு நாளை ஒன்று ஆனால் கடை சட்டப்படி அன்றே நின்றுவிடும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால், கடைச் சொத்தில் அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் தங்கைக்கும் சமபங்கு வரும். லைசன்ஸோ யாருக்கும் தானாக வராது. பாதி முடிந்த 20 லட்ச வேலையின் நடுவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அப்பாவிடம் இதை எடுத்துச் சொல்வது கஷ்டம். அண்ணன் சொன்னால் சண்டை வரும். நீங்கள் கணக்குச் சொல்வது போல் சொல்லுங்கள்.

அண்ணன் டிப்ளமோ என்பதால், அனுபவச் சான்றிதழோடு தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் சூப்பர்வைசர் சான்றிதழுக்கு, அதாவது சி சான்றிதழுக்கு, இந்த மாதமே விண்ணப்பிக்கட்டும். வாரியம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. மச்சான் வயர்மேன் என்கிறீர்கள். பி சான்றிதழ் கையில் இருக்கிறதா, இல்லை கை வேலை தெரியும் என்ற அர்த்தத்தில் வயர்மேனா? ஹெல்ப்பர்களுக்கு எச் சான்றிதழ். ஈபி தர லைசன்ஸ் தாழ்வழுத்த வேலைக்கு. அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வரம்பைப் படித்துவிட்டுக் கிடங்கின் லோடு அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். 11,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் யார்டு உங்கள் வேலையில் இல்லை என்று ஒர்க் ஆர்டரில் வரி வரியாக இருக்க வேண்டும். அதற்கு ஈஏ தர லைசன்ஸ் வேண்டும். "சும்மா யார்டையும் பார்த்துக்கொடுங்க" என்று சைட்டில் கேட்பார்கள், கண்டிப்பாகக் கேட்பார்கள்.

இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர், பக்கத்துத் தெருக்காரர் என்று வேறொருவர் செய்த வேலையின் ரிப்போர்ட்டில் அப்பா சீல் போட்டுக் கொடுக்கிறார் என்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அந்த வீட்டில் ஷாக் அடித்தால் பதில் சொல்ல வேண்டியவர் சீல் போட்டவர்தான்.

நிறுவனத்தை அப்பா, அண்ணன், நீங்கள் மூவரும் பங்குதாரர்களாக மாற்றிப் பத்திரம் எழுதுங்கள். 1932-ம் ஆண்டுப் பங்குதாரர் சட்டப்படி ஒரு பங்குதாரர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும், வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர. அந்த "தவிர" உங்கள் பத்திரத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் தனி நிறுவனத்தை அதன் வேலை அனுபவம், பாக்கி, கடன் எல்லாவற்றோடும் அப்படியே ஏற்றுக்கொண்டதாக ஒரு பிரிவு வேண்டும். இல்லாவிட்டால் டெண்டரில் நீங்கள் நேற்றுப் பிறந்த கம்பெனி. பத்திரத்தைப் பதிவுத்துறையில் பதியாமல் விடாதீர்கள். பதியாத நிறுவனம், பணம் தராத வாடிக்கையாளர் மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குப் போட முடியாது. பான் புதிது, ஜிஎஸ்டி எண் புதிது. பழைய எண்ணில் மிச்சமிருக்கும் வரிக் கழிவை ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். லைசன்ஸையும் புதிய பேருக்கு முறைப்படி வாங்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் கிடங்கு வேலையை எடுத்தால் பழைய பேரிலேயே எடுத்து முடித்துவிட்டுப் பின்பு மாறுங்கள். நடுவில் மாறினால் பில்லும் டிடிஎஸ்ஸும் இரண்டு பேரில் பிரிந்து தலைவலி.

மச்சானைப் பங்குதாரர் ஆக்குவதா, சம்பளமா என்பதைப் பத்திரத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். என் கருத்து, நல்ல சம்பளமும் அவர் பார்க்கும் சைட்டின் லாபத்தில் ஒரு சதவீதமும். பொறுப்பும் உரிமையும் இல்லாத பங்கு பின்னால் தங்கை வீட்டில்தான் வெடிக்கும். பங்குதாரர்களுக்குச் சம்பளம் எடுப்பதானால் தொகை பத்திரத்திலேயே இருந்தால்தான் வரியில் செலவாகக் காட்ட முடியும்.

வளர்ச்சி என்றதும் கிடங்கை மட்டும் பார்க்காதீர்கள். பெரம்பூர் மில், ஐசிஎஃப், துறைமுகம் என்று வடசென்னையில் கை பழகி வெளியே வந்தவர்கள் தொடங்கிய கடைகள் வீட்டு வயரிங்கில் பேர் எடுத்தன, பட்டறைகளின் மெயின்டனன்ஸில் காசு பார்த்தன. ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் மரச்சட்டத்து வயரிங்கும் பீங்கான் கிட்-கேட் ஃபியூஸும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ஃபியூஸில் ஒயர் போனால் கைக்குக் கிடைத்த காப்பர் இழையைச் சுற்றிவிட்டு, அதே லைனில் ஏசி-யும் போடுகிறார்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழங்கால் உயரத்து மீட்டர் போர்டுகள் தண்ணீரில் நின்றன. போர்டை மார்பு உயரத்துக்கு ஏற்றுவது, டிபி மாற்றி ஆர்சிசிபி போடுவது, எர்த் புதிதாக இறக்குவது, முடிவில் மெக்கர் ரீடிங்கோடு ஒரு தாள். இந்த வேலை மூன்று நாளில் முடிந்து நாலாம் நாள் பணம் வரும். இருபது பட்டறைகளோடு வருட மெயின்டனன்ஸ் ஒப்பந்தம் போட்டால் கிடங்குக்காரர் பில்லை இழுக்கும் மாதத்தில் கூலி கொடுக்க அது கைகொடுக்கும். இந்தப் பக்கத்தை அப்பாவிடமே விடுங்கள். அவர் பேருக்குத்தான் அந்தக் கதவுகள் திறக்கும்.

கிடங்குக்காரரிடம் ஒர்க் ஆர்டர் வாங்குவதற்கு முன் நாலு திருத்தம் கேளுங்கள். பேனலையும் மெயின் கேபிளையும் அவரே வாங்கித் தர வேண்டும், அல்லது பொருள் சைட்டில் இறங்கியதும் அதன் விலையில் 70 சதவீதம் ஏழு நாளில் தர வேண்டும். காப்பர், அலுமினியம் விலை கொட்டேஷன் தேதியிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசம் தனி. கொடுத்த பில்லைப் பத்து நாளில் திருத்தவில்லை என்றால் பாஸானதாகக் கொள்ள வேண்டும். பிடித்தத்தில் பாதி ஒப்படைக்கும் நாளிலேயே திரும்ப வேண்டும். கூடவே சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்து, எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள், செலவில்லை. சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் பணம் தராவிட்டால் பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்ற வருமான வரி விதி அவருடைய ஆடிட்டருக்குத் தெரியும். பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு எம்எஸ்எம்இ சட்டம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று நீதிமன்றங்களில் வாதம் இருப்பதால் அதையே நம்பியும் இருக்காதீர்கள்.

முதல் திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டால் நீங்கள் போட வேண்டிய முதலீடு பாதியாகக் குறையும்; மற்ற மூன்றில் இரண்டு கிடைத்தாலும் எடுக்கலாம். முதலாவதுக்கே மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மாதவரம், மணலி, பொன்னேரி சாலை என்று கிடங்குகள் எழும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. அடுத்தது வரும்போது அண்ணன் கையில் சி சான்றிதழும் இருக்கும்.